ஓட்டு வீடு

உளுந்து பறிக்கிற வேலைக்கு வெயில் ஆகாது. வெயில் ஏற ஏற நெற்று முறுகி, கை பட்டதும் வெடித்து, மணியெல்லாம் வயல் வெடிப்புக்குள் விழுந்துவிடும். அதனால் கோரையாற்றங்கரைப் பெண்கள் பங்குனி மாதத்தில் கிழக்கு வெளுக்கும்போதே வயலில் இறங்கிவிடுவார்கள். சம்பா அறுத்த தாள் காலைக் குத்தும். தையில் தண்ணீரை நிறுத்திய பிறகு மண் பாளம் பாளமாகப் பிளந்து கிடக்கும். பிடுங்கிய செடியைக் கையில் சேர்த்து, நிறைந்ததும் பின்னால் போட்டுவிட்டுக் குனிந்தபடியே நகர்ந்துகொண்டிருப்பார்கள்.

அன்றைக்கு அருள்மேரியின் வரிசைக்குப் பக்கத்து வரிசையில் அம்சம் இருந்தாள். சிறுவயதிலிருந்தே இரண்டு பேரும் ஒன்றாக நடவுக்கும் பறிப்புக்கும் போனவர்கள். அம்சம்தான் முதலில் நிமிர்ந்தாள்.

"அருளு, யாரோ ஒன்னமாரியே பாடுறாங்க பாரு."

தார்ரோட்டுப் பக்கமிருந்து ஒலிபெருக்கிச் சத்தம் வந்துகொண்டிருந்தது. தேர்தல் வண்டி. தவில் மாதிரியும் இல்லாமல் பறை மாதிரியும் இல்லாமல் ஏதோ ஒரு அடி. அதற்கு மேலே ஒரு பெண் குரல், அடித்தொண்டையிலிருந்து இழுத்து, 'வாய்யா, கரையேறி வாய்யா' என்றது. இழுத்து முடிக்கிற இடத்தில் மூச்சு வாங்கியது. அருள்மேரி மூச்சு வாங்குகிற அதே இடத்தில்.

வயலில் இருந்த பெண்கள் எல்லோரும் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்கள். அவள் வாய் மூடியிருந்தது. அவள் குரல் பூவரசு வரிசைக்கு அப்பால், ரோட்டில் போய்க்கொண்டிருந்தது.

நடுவில் ஒரு ஆண் குரல் வேட்பாளரின் பெயரையும் சின்னத்தையும் சொன்னது. மறுபடியும் பாட்டு. வண்டி வளைவு திரும்பி, சத்தம் தேய்ந்து, காற்றில் விட்டு விட்டுக் கேட்டது. அருள்மேரி தலையைச் சாய்த்து, கடைசி எழுத்து வரைக்கும் கேட்டாள். பிறகு சொன்னாள்:

"வீட்டக் காணுமே."

"எந்த வீட்ட?" என்றாள் அம்சம்.

அருள்மேரி ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் இருந்த செடிகள் நழுவி, நெற்று வெடித்துக் காலடியில் மணி சிதறியதையும் அவள் கவனிக்கவில்லை.

அருள்மேரியின் கணவன் ரெமிஜியஸ் ஆற்று லஸ்கராக இருந்தான். கரையில் நடந்து உடைப்பு பார்ப்பது, முறை வைத்துத் தண்ணீர் விடுவது, மதகுப் பலகையை ஏற்றி இறக்குவது, ஆகாயத்தாமரை வந்து அடைத்துக்கொண்டால் கொக்கிக் கழியால் தள்ளிவிடுவது எல்லாம் அவன் பொறுப்பு. ஊருக்கே மூணாமதகு என்றுதான் பெயர். கடலிலிருந்து ஆற்றைப் பிடித்து ஏறி வந்தால் மூன்றாவதாக வரும் மதகு அது. அதற்கு அந்தப் பக்கம் இரண்டு மதகு, அப்புறம் உப்புத்தண்ணீர், அப்புறம் முத்துப்பேட்டை அலையாத்திக் காடு.

ஒரு ஐப்பசி அடைமழையில் மதகில் ஒரு மரத்துண்டு சிக்கிக்கொண்டது. தண்ணீர் எதிர்த்துக்கொண்டு வயலுக்குள் ஏறியது. நட்டு இருபது நாள்கூட ஆகாத பயிர். ரெமிஜியஸ் தலையில் துண்டைச் சுற்றி, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கினான். மரத்துண்டு விலகியது. கயிற்றை இழுத்தபோது கயிறு மட்டும் வந்தது.

தேடாத இடமில்லை. காயலில் வலை போடுகிறவர்கள்கூட அலையாத்தி வேர்களுக்கு நடுவே படகை விட்டுப் பார்த்தார்கள். கிடைக்கவில்லை. வருஷங்கள் ஓடிவிட்டன. ஆனால் அருள்மேரி அவனுக்குக் கல்லறை கட்டவில்லை. பங்குச் சாமியார் எத்தனையோ தடவை சொல்லியும் இறந்தவர்களுக்கான பூசைக்குப் பெயர் கொடுக்கவில்லை. கல்லறைத் திருநாள் அன்று ஊரெல்லாம் மெழுகுவர்த்தியும் செவ்வந்தியுமாகக் கிளம்பும்போது அவள் வீட்டில் உட்கார்ந்து முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருப்பாள்.

மாறாக, தினம் சாயங்காலம் படித்துறைக்குப் போய், தண்ணீர் போகிற திசையைப் பார்த்து நின்று பாடுவாள். அவளே கட்டிய பாட்டு.

அலையாத்திக் காடு விட்டு வாய்யா - நீ
உப்புத்தண்ணி தாண்டி வாய்யா
ரெண்டு மதகு தள்ளி வாய்யா - எங்க
மூணாம் மதகுல கரையேறி வாய்யா
பூவரசு மூணு நிக்கும், புடிச்சுக்கிட்டு வாய்யா
ஓட்டு வீட்டு வாசலுக்கு ஒத்தையா வாய்யா

வேறு எங்கேயும் பாடமாட்டாள். நடவில் பாடச் சொன்னாலும் மாட்டாள். மூணாமதகில் எல்லோரும் அரசாங்க வீட்டுத் திட்டத்தில் ஓட்டைப் பிரித்துத் தளம் போட்டுக்கொண்டபோது அவள் மட்டும் வேண்டாம் என்றாள். மழைக்கு நாலு இடத்தில் ஒழுகினாலும் ஓடு ஓடாகவே இருந்தது.

"அதென்ன 'ஒத்தையா வாய்யா'ன்னு ஒரு வார்த்த?" என்று ஒருமுறை அம்சம் கேட்டாள்.

"தண்ணிக்குள்ள அவுரு மட்டுமா இருக்காரு?" என்றாள் அருள்மேரி. அதன் பிறகு அம்சம் அந்தப் பாட்டைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை.

போன தையில் மதகு பக்கத்தில் கல்யாண ஜோடி ஒன்றைப் படம் எடுக்க வெளியூர்க் காமிராக்காரர்கள் வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவன் சாயங்காலம் பாலத்தில் நின்று இவள் பாட்டைப் பதிவு செய்து செல்போனில் போட்டுவிட்டான். லட்சம் பேர் கேட்டார்களாம். அது எப்படியோ சென்னைக்குப் போய்ச் சேர்ந்து, தேர்தல் பாட்டாகத் திரும்பி வந்துவிட்டது.

மகள் சான்ட்ரா முத்துப்பேட்டையில் ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் வேலை பார்த்தாள். சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போதே முகம் கடுகடுவென்று இருந்தது. போனில் கட்சிப் பாட்டைப் போட்டுக் காண்பித்தாள்.

அலையாத்திக் காடு இருந்தது. உப்புத்தண்ணி இருந்தது. மதகு இல்லை. பூவரசு இல்லை. 'கரையேறி வாய்யா, கரையேறி வாய்யா' என்று மூன்று தடவை. பிறகு 'ஓட்டு வீட்டு வாசலுக்கு' என்பதில் முதல் வார்த்தையை மட்டும் நறுக்கி எடுத்து, 'ஓட்டு... ஓட்டு... வாய்யா' என்று ஒட்டியிருந்தார்கள்.

"நாம வேணாங்கிறதுக்குள்ள ஊரெல்லாம் போட்டுட்டாங்கம்மா," என்றாள் சான்ட்ரா. "கேக்காம எடுத்தது திருட்டு. விடப் போறதில்ல."

அருள்மேரி போனைத் திருப்பிக் கவிழ்த்து வைத்தாள். "எந்தெந்த ஊருக்குப் போச்சுன்னு மொதல்ல கேளு."

மறுநாள் இளவழகன் வீடு தேடி வந்தான். கட்சியின் ஒன்றியச் செயலாளர். இதே ஊரில் பிறந்தவன். சின்ன வயதில் ரெமிஜியஸோடு தூண்டில் போட்டவன். கையில் ஒரு பொன்னாடையும் பழத்தட்டும் இருந்தன.

"அண்ணி, கோவமா இருக்கீங்கன்னு கேள்விப்பட்டேன்."

"ஒக்காருங்க தம்பி. மோர் சாப்புடுறீங்களா?"

"குடுங்க." மோரை வாங்கி ஒரே மூச்சில் குடித்தான். "ஒங்க பாட்டு இன்னிக்கு எங்கயெல்லாமோ ஒலிக்குது அண்ணி. ரெமி அண்ணன் இருந்திருந்தா பூரிச்சுப் போயிருப்பாரு."

"இருந்திருந்தான்னு சொல்லாதீங்க தம்பி."

இளவழகன் டம்ளரைக் கீழே வைத்தான். சான்ட்ரா கதவோரம் நின்றிருந்தாள்.

"யாரக் கேட்டு எடுத்தீங்க சித்தப்பா?"

"கேக்குறதுக்கு என்ன தாயி இருக்கு? ஆத்தங்கரையில நாலு பேரு காது கேக்கப் பாடுறது. நாட்டுப் பாட்டு. நட்டவ பாட்டு, நாத்து பறிச்சவ பாட்டு. காத்துல வர்றதுக்குப் பட்டா போட முடியுமா?"

"எங்கம்மா நட்டப்போ பாடல. இது அவுங்க கட்டின பாட்டு."

"சரி, கட்டினாங்க. அதுக்குத்தான மரியாத செய்ய வந்திருக்கேன்."

அருள்மேரி பொன்னாடையைத் தொடவில்லை. "தம்பி, பாட்ட வெட்டினது யாரு?"

"அது சென்னையில பசங்க பண்றது. எனக்கு ரெடியா வந்துச்சு."

"ஓட்ட வச்சுக்கிட்டு வீட்ட வெட்டிட்டாங்க."

இளவழகன் சிரித்துவிட்டான். "நல்லா இருக்கே அண்ணி. மேடையிலயே சொல்லலாம் போலருக்கே."

அவள் சிரிக்கவில்லை. "வண்டி எங்கெங்க போச்சு?"

"எடையூரு, இடும்பாவனம், தில்லைவிளாகம், இந்தப் பக்கம் எல்லாம் ஒரு சுத்து வந்துடுச்சு. ஏன் கேக்குறீங்க?"

"எல்லா ஊருலயும் வாய்யா வாய்யான்னு கூப்புட்டீங்க. எங்க வர்றதுன்னு சொன்னீங்களா?"

அவனுக்கு அது புரியவில்லை. புரியாததைக் காட்டிக்கொள்ளாமல் எழுந்தான். வெளியே செருப்பு மாட்டும்போது ஒருமுறை ஆற்றைத் திரும்பிப் பார்த்தான். ஆறு வெறும் மணலும் காய்ந்த ஆகாயத்தாமரையுமாகக் கிடந்தது.

அம்சத்தின் தங்கையை இடும்பாவனம் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய்விட்டு வந்த அம்சம், வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே அருள்மேரியிடம் வந்தாள். உளுந்து அடித்துத் தூற்றிக்கொண்டிருந்த நேரம். தூசியில் இரண்டு பேருக்கும் இருமல்.

"சொல்லலாமா வேணாமான்னு இருக்கு அருளு."

"சொல்லு."

"எந்தங்கச்சி வீட்டுக்குப் பின்னால ஒரு வாய்க்கா ஓடுதுல்ல. ஓடுது என்ன, இப்ப காஞ்சு கெடக்கு, ஆடு மேயுது. கட்சி வண்டி வந்து போன அன்னிக்குப் பொழுது சாயுற நேரம், வாய்க்காலுக்குள்ள ஒரு ஆம்பள நின்னுச்சாம். வேட்டியெல்லாம் நனைஞ்சு ஒட்டிக்கிட்டு, சொட்டச் சொட்ட. ஒவ்வொரு வீடாப் பாத்துக்கிட்டு நின்னுச்சாம். இவ பின்பக்கம் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனவ, யாருன்னு கேட்டிருக்கா. 'இது ஓட்டு வீடா'ன்னு கேட்டுச்சாம்."

அருள்மேரி முறத்தைக் கீழே வைத்தாள்.

"இவ வீடு தளம். 'இங்க யாரும் ஓட்டு வீட்டுல இல்ல'ன்னிருக்கா. சரின்னு தலையாட்டிட்டு வாய்க்காலோட நடந்து போயிடுச்சாம். காலையில பாத்தா வாய்க்காலு எப்பவும் போலக் காஞ்சுதான் கெடக்கு."

"தலையில துண்டு?"

"துண்டு போட்டிருந்துச்சாம். மொகம் தெரியலன்னா."

சான்ட்ரா உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "அம்சம் சித்தி, எவனாவது குடிச்சுட்டு வந்திருப்பான்."

"நானும் அப்படித்தான் சொன்னேன் புள்ள. குடிச்சவன் மேல நனைய எங்க தண்ணி இருக்குன்னு கேக்குறா அவ."

அதே வாரத்தில் செல்லதுரை வந்தான். வண்டியும் மைக்செட்டும் அவனுடையவை. கட்சிக்கு வாடகைக்கு விட்டிருந்தான். வாசலில் நின்றுகொண்டே பேசினான்.

"அக்கா, நான் கட்சிக்காரன் இல்ல. நாளைக்கு வேற கட்சி கூப்புட்டாலும் போறவன். ஒன்னு கேக்கணும். இந்தப் பாட்டு யாரையாச்சும் கூப்புடுற பாட்டா?"

"ஏன் தம்பி?"

"ராத்திரி வண்டிய வீட்டுல விடுறேன். காலையில பாத்தா பின்படியில சேறு. ஈரச் சேறு, கருப்பா. அலையாத்தி நாத்தம் அடிக்குது. இந்தக் கோடையில தாலுக்கா முழுக்கத் தேடினாலும் அந்தச் சேறு கெடைக்காதுக்கா. மொதல்ல ஒரு ஆளு ஏறி எறங்குன மாதிரி இருந்துச்சு. இப்ப நாலஞ்சு ஆளு நின்ன மாதிரி இருக்கு. நான் கழுவிட்டுக் கழுவிட்டுப் போறேன். எம் பொஞ்சாதி வண்டியிலயே ஏற மாட்டேங்கிறா."

அருள்மேரி வாசல் தாண்டி ஆற்றுப் பக்கம் பார்த்தாள். பிறகு, "ஒத்தையாங்கிறதையும் வெட்டிட்டாங்கல்ல," என்றாள். செல்லதுரைக்குச் சொன்ன மாதிரி இல்லை.

வக்கீல் ஹமீதா பானுவின் அலுவலகம் முத்துப்பேட்டை கடைத்தெருவில், ஒரு செல்போன் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. ஹமீதா தன் அம்மாவை ரத்தம் பார்க்கச் சான்ட்ராவின் நிலையத்துக்கு அழைத்து வந்த பழக்கம். பாட்டை இரண்டு தடவை கேட்டாள். கட்சியின் வெட்டிய பாட்டையும் கேட்டாள்.

"அக்கா, சட்டம் ஒங்க பக்கம் இருக்கு. பாட்டுக் கட்டினவங்களுக்கு ஒரு உரிமை. பாடினவங்களுக்குத் தனி உரிமை. ரெண்டும் நீங்கதான். கேக்காம எடுத்தது தப்பு, வெட்டினது அதவிடத் தப்பு. அவுங்க என்ன சொல்வாங்கன்னா, இது பரம்பரையா வர்ற நாட்டுப் பாட்டு, யாருக்கும் சொந்தமில்லம்பாங்க."

"அப்படித்தான் இளவழகன் சித்தப்பா சொல்றாரு," என்றாள் சான்ட்ரா.

"சொல்லட்டும். எந்த நாட்டுப் பாட்டுல மூணாம் மதகு, மூணு பூவரசு, ஓட்டு வீடுன்னு வரும்? இதுல முகவரி இருக்கு. முகவரி இருக்கிற பாட்டு ஊருக்கே பொதுன்னு எப்படிச் சொல்ல முடியும்?"

அருள்மேரி முதன்முதலாக ஹமீதாவை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க ஒருத்தருக்குத்தாம்மா புரிஞ்சிருக்கு."

ஹமீதா நோட்டீஸ் அனுப்பினாள். தேர்தல் அதிகாரிக்கும் ஒரு புகார் போனது. எதிர்க்கட்சிக்காரர்கள் மோப்பம் பிடித்து, கணவனைத் தேடுகிறவளின் பாட்டைத் திருடிவிட்டார்கள் என்று பேச ஆரம்பித்தார்கள். இளவழகனுக்கு மேலிடத்திலிருந்து போன் வந்திருக்க வேண்டும். ஹமீதாவின் அலுவலகத்தில் சமாதானம் பேசலாம் என்று வந்து உட்கார்ந்தான். இந்தத் தடவை பொன்னாடை இல்லை.

"நாளையிலேருந்து பாட்ட நிறுத்திடுறோம்," என்றான். "நஷ்டஈடு என்னன்னு வக்கீலம்மா சொல்லட்டும். அண்ணி ஒரு வார்த்த சொன்னாப் போதும்."

"நிறுத்தாதீங்க தம்பி," என்றாள் அருள்மேரி.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

"அம்மா," என்றாள் சான்ட்ரா.

"நிறுத்தினா அவுரு நிக்கிற எடத்துலயே நின்னுருவாரு. பாதி வழிய மட்டும் சொல்லிட்டு நிறுத்தலாமா? வண்டி போன ஊருக்கெல்லாம் நான் வர்றேன். நானே பாடுறேன். முழுசா. வீடு வரைக்கும். எனக்கு வேற ஒன்னும் வேணாம்."

ஹமீதா பேனாவை மூடிக் கீழே வைத்தாள். "அக்கா, யோசிச்சுச் சொல்லுங்க. நீங்க அவுங்க வண்டியில ஏறினா, படம் புடிச்சுப் போட்டுருவாங்க. ஒங்க சம்மதம்னு ஆயிடும். ஜெயிக்கிற கேஸு இது."

"கேஸு ஜெயிச்சா வண்டி நிக்கும். அவுரு வீட்டுக்கு வருவாரா?"

ஹமீதா பேனாவை மறுபடியும் எடுத்தாள். இளவழகன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

"வேட்பாளர் பேரு நடுவுல வரக் கூடாது," என்றாள் ஹமீதா கடைசியில். "அது மட்டும் நான் எழுதி வாங்குவேன்."

வீட்டுக்குத் திரும்புகிற பஸ்ஸில் சான்ட்ரா ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள். இறங்கும்போது மட்டும், "ஊரே ஒன்னப் பைத்தியம்னு சொல்லப்போவுது," என்றாள்.

"இப்ப மட்டும் என்ன சொல்றாங்களாம்?" என்றாள் அருள்மேரி.

பிரச்சாரம் முடிய இருந்த கடைசி நாட்களில் செல்லதுரையின் வண்டி மறுபடியும் ஒரு சுற்று வந்தது. அருள்மேரி முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். ஹமீதா சொன்ன மாதிரியே ஒருவன் செல்போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தான். எடுக்கட்டும் என்று விட்டுவிட்டாள். பழைய சோற்றில் மோர் ஊற்றித் தூக்குவாளியில் கொண்டுவந்திருந்தாள். வாய்க்கால் தலைப்பு, குளத்துப் படி, பஸ் நிற்கிற ஆலமரத்தடி என்று முன்பு வண்டி நின்ற ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தச் சொன்னாள். தவில் இல்லை, பறை இல்லை. வெறும் குரல்.

'ஓட்டு வீட்டு வாசலுக்கு ஒத்தையா வாய்யா' என்று முடிக்கும்போது ஒவ்வொரு ஊரிலும் சத்தம் அடங்கியது. கை தட்ட வந்தவர்கள் தட்டாமல் நின்றார்கள். எடையூரில் ஒரு டீக்கடைக்காரர் வண்டிக்கு அருகில் வந்து, "அம்மா, நீங்க கூப்புடுறது இங்க வந்து நின்னவரையா?" என்று மட்டும் கேட்டார். அவள் ஆமாம் என்றதும், "டீ குடுத்தேன். குடிக்கல. கெளாசு மட்டும் ஈரமா இருந்துச்சு," என்று சொல்லிவிட்டுப் போனார். தில்லைவிளாகத்தில் ஒரு கிழவர் இது அந்த வீடு இல்லை என்பது போல, தன் வீட்டு வாசல் விளக்கைத் தானாகவே போய் அணைத்தார். இடும்பாவனத்தில் அம்சத்தின் தங்கை கொல்லைக் கதவைச் சாத்திக்கொண்டு ஜன்னல் வழியாகக் கேட்டாள்.

திரும்பி வந்த மறுநாள் செல்லதுரை சொல்லி அனுப்பினான்: பின்படி காய்ந்திருக்கிறது, தூசிதான் இருக்கிறது.

"பாத்தியா?" என்றாள் அருள்மேரி.

"வண்டிய உள்ள எடுத்து விட்டிருப்பாரு," என்றாள் சான்ட்ரா. ஆனால் குரலில் பழைய கடுகடுப்பு இல்லை.

மூணாமதகின் வாக்குச்சாவடி ஊராட்சித் தொடக்கப்பள்ளியில். வெயிலுக்கு முன்னால் போட்டுவிடலாம் என்று எல்லோரும் நினைத்ததால் காலையிலேயே வரிசை நீண்டுவிட்டது. அருள்மேரியும் சான்ட்ராவும் பெண்கள் வரிசையில் நின்று உள்ளே போனபோது வெயில் ஜன்னல் வழியாக மேசைக்கே வந்துவிட்டது. ஒரு பெஞ்சில் கட்சி ஏஜெண்டுகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். இளவழகனும் இருந்தான். அவன் இவர்களைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான்.

விரலுக்கு மை வைக்கிற மேசையில் ஒரு இளம்பெண், எங்கோ திருச்சிப் பக்கத்து ஆசிரியை, உட்கார்ந்திருந்தாள். பக்கத்து மேசைக்காரர் அருள்மேரியின் பெயரையும் கணவன் பெயரையும் சத்தமாகப் படித்ததும், அவள் மைக்குச்சியை எடுத்தபடி சிநேகமாகச் சிரித்தாள்.

"ரெமிஜியஸ் ஒங்க வீட்டுக்காரருங்களா? அவரு மொதல்லயே வந்துட்டுப் போயிட்டாரே. தெறந்ததும் ரெண்டாவதோ மூணாவதோ."

ரெமிஜியஸின் பெயர் இன்னும் வாக்காளர் பட்டியலில் இருந்தது. எடுத்துவிடலாமா என்று கேட்டு வந்தவர்களிடமெல்லாம் அருள்மேரி, "செத்தாருன்னு ஒங்களுக்கு யாரு சொன்னா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருந்தாள்.

சான்ட்ரா பெஞ்சுப் பக்கம் திரும்பினாள். கள்ள ஓட்டு என்பது அந்தப் பக்கத்தில் தெரியாத சங்கதி அல்ல. ஊரில் இல்லாதவன் ஓட்டை யாராவது போடுவார்கள், மற்றவர்கள் ஆட்சேபிப்பார்கள், சண்டை வரும். அன்றைக்கு யாரும் ஆட்சேபிக்கவில்லை. எல்லாக் கட்சி ஏஜெண்டுகளும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சித்தப்பா," என்றாள் சான்ட்ரா. "இதையுமா எடுத்துக்கிட்டீங்க?"

இளவழகன் எழுந்து வந்தான். உதடு உலர்ந்திருந்தது. "எங்காளுங்க இல்ல தாயி. யாரு ஆளும் இல்ல. பேரப் படிச்சதும் நிமிந்து பாத்தேன். தலையில துண்டு. இந்தப் பக்கம் திரும்பல. ஆட்சேபண சொல்லணும்னுதான் எழுந்திரிச்சேன். வாய் வரல. இவுங்களையும் கேட்டுப் பாரு, யாருக்கும் வரல."

அருள்மேரி மை வைக்கிற பெண்ணிடம் விரலை நீட்டியபடியே நின்றாள். "வெரலு எப்படிம்மா இருந்துச்சு அவுருக்கு?"

அந்தப் பெண் யோசித்தாள். "ஆத்துல குளிச்சுட்டு நேரா வந்துட்டாரு போல. ரொம்ப நேரம் ஊறின மாதிரி வெளுத்து, சுருங்கிப்போயி இருந்துச்சு. மை நிக்கவேயில்ல. தொடைச்சுத் தொடைச்சு வச்சேன்."

"ஏதும் பேசினாரா?"

"போட்டுட்டு வெளிய போறப்ப ஓட்டு வீடு எதுன்னு கேட்டாருங்க. எனக்குச் சரியாப் புரியல. 'ஓட்டுதான் போட்டாச்சே ஐயா, வீட்டுக்குப் போங்க'ன்னேன். சரின்னுட்டுப் போனாரு." அவளுக்கு ஏதோ தப்பாகிவிட்டதோ என்று பட்டது. "ஏங்க, தப்பாச் சொல்லிட்டேனா?"

"இல்லம்மா," என்றாள் அருள்மேரி. "சரியாத்தான் சொன்ன."

அவள் உள்ளே போய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்தாள். யாருக்குப் போட்டாள் என்று சான்ட்ரா கேட்கவில்லை. இரண்டு பேரும் ஆற்றங்கரை வழியாகவே நடந்தார்கள். எப்போதும் அம்மாவுக்குப் பின்னால் போனைப் பார்த்துக்கொண்டு வருகிற சான்ட்ரா அன்றைக்கு முன்னால் நடந்தாள். வளைவு திரும்பி வீடு தெரிந்ததும் நின்றாள். போட்டுவிட்டுப் போன பூட்டு அப்படியே இருந்தது. வாசல் காய்ந்திருந்தது. யாருமில்லை.

அன்றைக்கு அருள்மேரி வேலைக்குப் போகவில்லை. வீட்டை மெழுகினாள். புது அரிசி களைந்து உலை வைத்தாள். கத்திரிக்காயும் கொத்துமல்லியும் போட்டு ஒரு குழம்பு, கொஞ்சம் வறுத்த கருவாடு. ரெமிஜியஸுக்குக் கருவாடு இல்லாமல் இறங்காது. சான்ட்ரா தேங்காய் துருவிக் கொடுத்தாள். பொழுது சாய்ந்தது. அருள்மேரி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு படித்துறைக்குக் கிளம்பினாள்.

"நீ இரும்மா," என்றாள் சான்ட்ரா.

"என்ன?"

"வீட்டுக்கு வர்ற ஆளு, வீட்டுல யாரும் இல்லன்னா திரும்பிப் போயிடும்ல. நீ இரு. நான் போறேன்."

அவள் போனை அலமாரியில் வைத்துவிட்டுப் போனாள்.

அருள்மேரி வாசற்படிக்கு உட்புறம் நின்றாள். இத்தனை வருஷத்தில் அந்தப் பாட்டை வீட்டில் இருந்துகொண்டு அவள் கேட்டதில்லை. மகளின் குரல் மெல்லியது; பழக்கமில்லாததால் முதலில் பிசிறியது. காட்டை விட்டது, உப்புத்தண்ணீரைத் தாண்டியது, மதகுகளைத் தள்ளியது. பூவரசு வந்தது. வீடு வந்தது. ஒரு எழுத்தும் விடவில்லை.

பாட்டு முடிந்தது. கொஞ்ச நேரத்தில் கரைச் சரிவில் சான்ட்ராவின் செருப்புச் சத்தம் கேட்டது. காய்ந்த பூவரசு இலைகள் மேல் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. அதற்குப் பின்னால், அதைவிட நிதானமாக, வெறுங்கால் வைத்து நடக்கிற சத்தம். ஈரக்கால்.

சான்ட்ரா திரும்பிப் பார்க்காமல் நடந்து வந்தாள்.

அருள்மேரி தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு, இரண்டு பேர் உள்ளே வருகிற அளவுக்குக் கதவை அகலத் திறந்து, வழி விட்டு நின்றாள்.